கடைசி இதழை முதலில் படித்தவர்

அவர் தெர்மாமீட்டர் பார்க்கும் விதத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். நாக்குக்கு அடியிலிருந்து எடுத்து, பஞ்சால் துடைத்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். பார்த்து முடித்த பிறகும் பார்த்துக்கொண்டே இருப்பார். பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ஆள் அவர் முகத்திலிருந்து கண்ணை எடுக்க மாட்டான். பிறகு மணிக்கட்டை இரண்டு முறை உதறிப் பாதரசத்தை இறக்கிவிட்டு, மருந்துத் தண்ணீர்க் கிளாசில் போட்டுவிடுவார்.

"எத்தனை இருக்குதுங்க?"

"பார்ப்போம்."

எடை பார்க்கும் மிஷினும் அப்படித்தான். முள் சுற்றும் பக்கத்தைச் சுவரை நோக்கித் திருப்பி வைத்திருந்தார். அவர் மட்டும் எட்டிப் பார்த்துச் சீட்டில் எழுதிக்கொள்வார். கர்ப்பிணிகள் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய் இறங்கிப் போவார்கள்.

நாகலூர்ப் பக்கத்தில் ஒரு காபி எஸ்டேட்டின் டிஸ்பென்சரியில் அவர் கம்பவுண்டர். டாக்டர் புதன்கிழமை மட்டும் ஏற்காட்டிலிருந்து ஜீப்பில் வந்து போவார். மற்ற ஆறு நாளும் எங்கள் உடம்புகள் இவர் பொறுப்பு. நான் அதே எஸ்டேட் ஆபீசில் தபால் ரைட்டர். வருகிற ஒவ்வொரு கடிதத்துக்கும் எண் கொடுத்து, தேதி முத்திரை குத்தி, பதிவேட்டில் ஏற்றி, உரியவரிடம் கையெழுத்து வாங்குவது என் வேலை. எனக்கு அது பிடித்திருந்தது. ஆபீசுக்கு வெளியிலும் அதையே செய்தேன். முதல் மழை, காபி பூத்த நாள், நாகலூர் பஸ் வராமல் போன நாள் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் குறித்து வைத்தேன். எழுபதுகளின் நடுவில் எழுதிய அந்த நோட்டுகள் இப்போது என் மேஜை மேல் இருக்கின்றன. இதில் வரும் நாள் கணக்கெல்லாம் அவற்றிலிருந்து எடுத்தது. பேச்சுகள் என் ஞாபகத்திலிருந்து எடுத்தவை. அவருடைய பெயரை எழுதப்போவதில்லை. பிள்ளைகள் நல்ல வேலையில் இருக்கிறார்கள்.

கெட்டவர் என்று ஒரு வார்த்தையில் முடித்துவிட முடியாது. கொட்டும் மழையில் சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு தொழிலாளிகளின் லைன் வீடுகளுக்குப் பிரசவம் பார்க்கப் போனவர். யாரிடமும் ஒரு முட்டைகூடக் கை நீட்டி வாங்காதவர். எல்லாவற்றுக்கும் மேல், பொய் சொல்லாதவர். அதை அவரே அடிக்கடி சொல்வார். நானும் சோதித்துப் பார்த்திருக்கிறேன், உண்மைதான். தெரிந்ததைச் சொல்ல மாட்டார், அவ்வளவுதான்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம். எஸ்டேட் கேட்டருகே பஸ்ஸுக்காக ஒரு புருசன் பெண்சாதி பையோடு நின்றார்கள். ஏற்காடு போய் அங்கிருந்து கீழே இறங்க வேண்டியவர்கள். இவர் அவர்கள் பக்கத்தில் கல்லில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார். ஊர் எது, யார் கல்யாணம், என்ன சீர் என்று எல்லாம் கேட்டார். பனி இறங்கி எதிர்ப் பக்கத்துச் சில்வர் ஓக் மரங்கள் மறைந்த பிறகு எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார்.

"பஸ் மத்தியானமே மஞ்சக்குட்டை பக்கம் ஸ்பிரிங் பட்டை ஒடிஞ்சு நின்னுபோச்சுங்க. இன்னிக்கு வராது."

அந்த ஆளுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏனுங்க, வந்தப்பவே சொல்லியிருந்தா நாங்க பாட்டுக்கு நடந்திருப்பமில்லீங்க?"

"வந்தப்பவே சொல்லியிருந்தா வந்தப்பவே மூஞ்சி தொங்கிப்போயிருக்கும். இப்ப ஒரு மணி நேரம் கல்யாணத்தப் பத்திச் சந்தோசமாப் பேசுனீங்களா இல்லையா?"

எனக்கும் ஒரு முறை இது நடந்தது. எங்கள் ஹெட் கிளார்க் ஓய்வு பெற்றபோது அந்த இடம் எனக்குத்தான் என்று நம்பியிருந்தேன். மூன்று வாரம் புதுச் சட்டை, பாலீஷ் போட்ட செருப்பு. வெளியிலிருந்து வேறொருவர் வரப்போவது இவருக்கு முதல் நாளே தெரியும். ஊசி போட வந்த மேனேஜரே சொல்லியிருக்கிறார். விஷயம் வெளியான அன்று அவரிடம் சண்டைக்குப் போனேன். நிதானமாக உரலில் மாத்திரை இடித்துக்கொண்டே சொன்னார்.

"அந்த மூணு வாரம் நீங்க எப்படி நடந்தீங்க தெரியுமுங்களா ரைட்டரே? பங்களா தொரை மாதிரி. நான் டெய்லி ஜன்னல்ல நின்னு பார்த்தனுங்க. அதைப் போயி யாராவது கெடுப்பாங்களா?"

வெட்கமும் கோபமுமாகத் திரும்பினேன். ஆனால் அந்த மூன்று வாரத்தை நினைத்துப் பார்த்தபோது அவர் சொன்னது எனக்கே சரியாகத் தோன்றியது. பிறகு நடந்ததற்கெல்லாம் அந்த நினைப்பும் ஒரு காரணம்.

அவருக்கு ஹேண்ட்பால் பைத்தியம். கையால் பந்தை எறிந்து கோல் போடும் அந்த ஆட்டத்தின் பெயரையே எங்கள் மலையில் யாரும் கேட்டிராத காலம் அது. சமவெளியில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் அவர் வேலை கற்றபோது அங்கே ஒரு ஜெர்மன் நர்ஸம்மா இருந்தார். நர்ஸம்மாவின் தம்பி ஜெர்மனியில் ஏதோ கிளப்பில் ஆடியவன். நர்ஸம்மா ஊர் திரும்பிய பிறகு, ஆண்டுக்கு ஒரு முறை, சீசன் முடிந்ததும், அந்த வருடத்து ஹேண்ட்பால் பத்திரிகைகளை எல்லாம் சணல் கயிற்றால் கட்டிக் கப்பல் தபாலில் அனுப்புவார். கட்டு ஆகஸ்டு வாக்கில் எங்கள் தபால் பையில் வந்து சேரும். முத்திரை குத்துவது நான்.

அதில் முக்கியமானது ஐரோப்பியக் கிளப் சாம்பியன்ஷிப். ஒவ்வொரு நாட்டிலும் முதலாவதாக வந்த கிளப்புகள் மோதிக்கொள்ளும் போட்டி. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு ஆட்டம். முதலாவது ஒருவன் ஊரில், அடுத்தது மற்றவன் ஊரில். இரண்டிலும் போட்ட கோல்களைக் கூட்டிப் பார்த்துத்தான் யார் ஜெயித்தது என்று சொல்வார்கள். இறுதி ஆட்டம் மட்டும் ஒன்று. அவருக்குப் பிடித்தது அந்த இரண்டு ஆட்டங்களுக்கு நடுவிலிருக்கும் நாட்கள்.

"முதல் ஆட்டத்துல நாலு கோல்ல தோத்தவன் இருக்கான் பாருங்க, அவன் அந்த ஒரு வாரம் எப்படித் தூங்குவான், என்ன கணக்குப் போடுவான்? அதுதானுங்க ஆட்டம். மத்ததெல்லாம் ஓட்டம்."

காபிக்கொட்டை காயவைக்கும் களம் சும்மா கிடக்கும் மாதங்களில், பழம் பறிப்பு தொடங்குவதற்கு முன்னால், லைன் ஆட்களுக்கு அவர் ஆட்டத்தைக் கற்றுக்கொடுத்தார். சிமெண்டுத் தரையில் சுண்ணாம்புக் கோடு, சவுக்குக் கம்பில் கோல். பழம் பறித்துப் பழகிய விரல்கள் பந்தை விடுவதில்லை. பக்கத்துக்கு ஏழு பேர். விசில் அவரிடம், கைக்கடிகாரமும் அவரிடம்தான். இன்னும் எத்தனை நிமிசம் என்று எவன் கேட்டாலும் "ஆடு" என்பார்.

நான்கு லைன்களுக்கும் பத்திரிகையில் வரும் நான்கு கிளப்புகளைப் பிரித்துக் கொடுத்திருந்தார். வாயில் நுழையாத பெயர்களை விட்டுவிட்டு, பட்டாளத்து ஆட்களின் கிளப்புக்குப் பட்டாளம், ரயில் தொழிலாளிகளின் கிளப்புக்கு ரயில்வே, அப்புறம் ஆலை, துறைமுகம் என்று அவரே பெயர் வைத்தார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் டிஸ்பென்சரி வராந்தாவில் ஒரு இதழைப் பிரித்து, நர்ஸம்மாவிடம் கற்ற கொஞ்ச ஜெர்மனை வைத்து அந்தச் சுற்றின் ஆட்டத்தைத் தமிழில் சொல்வார். நாற்பது ஐம்பது பேர் கூடுவார்கள். ஒரு ஞாயிறுக்கு ஒரு இதழ்தான்.

ஆட்டங்கள் எல்லாம் போன வாரம் நடந்தவை என்று லைன்காரர்கள் நம்பினார்கள். அவர் அப்படிச் சொன்னதில்லை, அவர்களும் கேட்டதில்லை. மிச்ச இதழ்கள் எல்லாம் அவர் மருந்து அலமாரியில் கட்டோடு இருப்பது எனக்கு மட்டும் தெரியும்.

"கடைசி இதழை எப்பப் படிப்பீங்க?" என்று ஒரு முறை கேட்டேன்.

"கட்டைப் பிரிச்சதும் அதைத்தானுங்க மொதல்ல எடுப்பேன். முடிவு தெரியாம எனக்கு எதையும் படிக்கப் பிடிக்காது. தெரிஞ்சு வெச்சுக்கிட்டு, தெரியாதவன் மூஞ்சியப் பார்க்கோணும். நீங்களும் வேணுமின்னா படிச்சுப் பாருங்க."

படித்தேன். படம் பார்த்தேன், எண்களைப் பார்த்தேன். அடுத்த ஞாயிறு வராந்தாவின் பின்வரிசையில் உட்கார்ந்து எல்லோர் முகத்தையும் பார்த்தேன். அவர் சொன்ன ருசி எனக்கும் பிடிபட்டது.

இனிச் செங்கோடன். பள்ளத்து லைன், துறைமுகம் கட்சி, களத்தில் அவர்களுடைய கோல்கீப்பர். முப்பது வயதிருக்கும். எழுதப் படிக்கத் தெரியாது. துறைமுகக் கிளப்பின் கோல்கீப்பர் கைகளையும் ஒரு காலையும் அகல விரித்து நிற்கும் படம் ஒன்று ஒரு இதழில் வந்திருந்தது. அதைப் பார்த்த நாளிலிருந்து இவனும் அப்படியே நிற்பான். மேல் லைன் அந்தோணி, எஸ்டேட் ஜீப் டிரைவர், பட்டாளம் கட்சி. அவன் வாய் சும்மா இருக்காது.

"ஏப்பா செங்கோடா, அது கோல் காக்கிறதுக்கா, இல்ல குருவி ஓட்டறதுக்கா?"

"நீ எறி பாக்கலாம். குருவியா பருந்தான்னு தெரியும்."

செங்கோடனின் பெண்சாதி ராசாத்திக்கு அந்த மழைக்காலம் முழுவதும் இருமல். ஒரு நாள் சளியில் ரத்தம் வந்தது. டாக்டர் பார்த்துவிட்டு, சமவெளியிலிருந்த ஒரு நெஞ்சு நோய் ஆஸ்பத்திரிக்கு அனுப்பி எக்ஸ்ரேயும் சளிப் பரிசோதனையும் எடுக்கச் சொன்னார். முடிவு டிஸ்பென்சரி முகவரிக்குத் தபாலில் வரும் என்று அங்கே சொல்லி அனுப்பினார்கள். அன்றிலிருந்து தினமும் பதினோரு மணிக்குத் தபால் பை வந்ததும் செங்கோடன் என் ஜன்னலில் நிற்பான்.

"ரைட்டரய்யா, கடுதாசி வந்துச்சுங்களா?"

அந்த நாட்களில் அவன் ஒரு வேண்டுதல் வைத்தான். வராந்தாவில் எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று சொன்னான்: துறைமுகம் கப்பு வாங்கினால் ராசாத்திக்கு ஒன்றுமில்லை என்று அர்த்தம். அவளும் அங்கே ஓரத்தில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"சேர்வராயனுக்கு வேண்டிக்கிட்டா ஆகாதா? எங்கியோ வெள்ளைக்காரன் எறியற பந்துக்கு வேண்டிக்கிறானாம்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்ததில் அவளுக்கு இருமல் வந்துவிட்டது.

கம்பவுண்டர் சிரிக்கவில்லை. கையிலிருந்த இதழை மடித்து முழங்கால் மேல் வைத்துக்கொண்டு செங்கோடனையே கவனித்தார். "அப்படியா கண்ணு? நல்ல வேண்டுதல்தான். பார்ப்போம்."

செப்டம்பரில், அரையிறுதிக்கு வந்தோம். துறைமுகத்துக்கும் பட்டாளத்துக்கும் முதல் ஆட்டம். துறைமுகம் நான்கு கோலில் தோற்றது. அந்தோணி ஜீப் ஹாரனை அடித்துக்கொண்டே மேல் லைனுக்குப் போனான். செங்கோடன் சாப்பிடாமல் படுத்துவிட்டதாக மறுநாள் கேள்விப்பட்டேன்.

அந்த மறுநாள், திங்கட்கிழமை, பழுப்புக் கவர் வந்தது. எண் கொடுத்தேன், முத்திரை குத்தினேன், கம்பவுண்டரை வரச்சொல்லிக் கையெழுத்து வாங்கினேன். அன்று செங்கோடனுக்குத் தூரத்துக் காட்டில் களை வேலை, அதனால் ஜன்னலில் இல்லை. அவர் கத்தரியால் ஓரத்தை வெட்டி, படித்து, பழைய மடிப்பிலேயே மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"ராசாத்தி ரிசல்ட்டுங்களா?"

"ம்."

"எப்படி?"

"பார்ப்போம்."

செவ்வாய்க்கிழமை செங்கோடன் வந்து வழக்கம்போல் கேட்டான். "கம்பவுண்டரைக் கேளு" என்றேன். டிஸ்பென்சரிக்குப் போய் ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்தான், முகம் தெளிந்திருந்தது.

"பார்ப்போம்ங்கறாருங்க. கெட்ட சேதி ஏதாச்சும் வந்திருந்தா அய்யா மூஞ்சியே சொல்லிப்போடுமில்லீங்க?"

புதன்கிழமை வந்து போன டாக்டர் ராசாத்தியைப் பற்றிக் கேட்கவில்லை, கம்பவுண்டரும் தானாகச் சொல்லவில்லை. ஞாயிறு இரண்டாவது ஆட்டம். துறைமுகம் தன் ஊரில் ஐந்து கோல் வித்தியாசத்தில் ஜெயித்தது. கூட்டிப் பார்த்தால் ஒரே ஒரு கோல் கூடுதல். கம்பவுண்டர் அந்தக் கணக்கைத் தானே சொல்லவில்லை. எண்களை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்தினார். செங்கோடன் விரல்விட்டு எண்ணினான். தப்பாக வந்தது, மறுபடி எண்ணினான். விளங்கியதும் ராசாத்தியின் தலையை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினான். அவள் "உடு, எல்லாரும் பாக்கறாங்க" என்று அவன் கையைத் தட்டிவிட்டாள்.

வியாழக்கிழமை, கவர் வந்த பத்தாம் நாள், மருந்துப் பட்டியலில் கையெழுத்துக்காக டிஸ்பென்சரிக்குப் போனேன். அவர் தானாகவே கடிதத்தை எடுத்து என்னிடம் நீட்டினார். ஆங்கிலத்தில் தட்டச்சு செய்த ஆறு வரி. இரண்டு நுரையீரலும் மோசமாகிவிட்டன, உடனே சேர்க்க வேண்டும், இந்தக் கடிதம் சேர்ந்த பதினைந்து நாளைக்கு ஒரு படுக்கை ஒதுக்கி வைக்கப்படும்.

"செவ்வாய்க்கிழமையோட பதினஞ்சு நாள் முடியுதுங்க" என்றேன்.

"தேதிக்கு நீங்க இருக்கறப்ப எனக்கென்னங்க கவலை?" என்று சிரித்தார். "ஞாயித்துக்கிழமை கடைசி ஆட்டம். துறைமுகம் ஜெயிக்குது. நீங்களும் படிச்சுட்டீங்க. அவன் ஒரு தடவை ஜெயிக்கட்டும் ரைட்டரே. ஜெயிச்சுட்டுத் திங்கக்கிழமை கூட்டிட்டுப் போகட்டும்."

திங்கட்கிழமை என்றால் பதினான்காம் நாள். கணக்கு சரியாக இருந்தது. நான் கையெழுத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாற்பது ஐம்பது பேரும் வராந்தாவுக்கு வந்து நின்றார்கள். டிஸ்பென்சரி பூட்டியிருந்தது. அவர் காலை பஸ்ஸில் சேலம் போயிருந்தார். தங்கை வீடு என்றார்கள். திங்கட்கிழமை மத்தியானம் திரும்பி வந்தவரைக் கேட்டேன்.

"இன்னும் ஒரு வாரம் நெனச்சுக்கிட்டு இருக்கட்டுமுங்க. இந்த மாதிரி வாரம் அவனுக்கு இனி வராது."

"படுக்கை போயிடும்."

"இருந்தாலும் பிழைக்கிறவ இல்லீங்க அவ. எக்ஸ்ரே ரிப்போர்ட்டைப் பார்த்தா எனக்குத் தெரியாதா? அது கடைசி இதழ். அச்சாயிப்போச்சு."

நர்ஸம்மா அனுப்பிய கட்டுக்குள் இருந்தவை எல்லாம் ஆடி முடித்த ஆட்டங்கள். ராசாத்தி அப்போதும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு பள்ளத்து லைனிலிருந்து ஏறி வந்துகொண்டிருந்தாள். இதை அன்றே அவரிடம் சொல்லியிருக்கலாம். செங்கோடனிடம் போய் ஒரே வரியில் சொல்லியிருக்கலாம். முடிவைச் சொல்வது கம்பவுண்டர் வேலை, முத்திரை குத்துவது என் வேலை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அடுத்த ஞாயிறு செங்கோடன் முகம் எப்படி இருக்கும் என்று பார்க்கும் ஆசையும் இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை. அந்த வாரம் முழுவதும் அவன் கண்ணில் பட்ட எல்லோரிடமும் இறுதி ஆட்டத்தைப் பற்றிப் பேசினான். செவ்வாய்க்கிழமை வந்து போனது.

இருபதாம் நாள், ஞாயிறு. துறைமுகத்துக்கும் ஆலைக்கும் இறுதி ஆட்டம். கம்பவுண்டர் அதை ஒரு மணி நேரம் சொன்னார். எந்த நிமிடத்தில் யார் கோல் போட்டது என்று பத்திரிகையில் பட்டியல் இருந்தது. ஒவ்வொன்றுக்கும் நடுவே தண்ணீர் குடித்தார், கண்ணாடியைத் துடைத்தார். கடைசி நிமிடத்தில் ஆலைக்கு ஏழு மீட்டரிலிருந்து நேராக எறியும் வாய்ப்பு. போட்டால் சமம். அங்கே இதழை மூடினார்.

"அப்புறமுங்க?" கூட்டத்தில் யாரோ கத்தினார்கள்.

"செங்கோடா, நீ அங்க நின்னிருந்தா என்ன பண்ணுவே?"

செங்கோடன் எழுந்து நின்று கைகளையும் ஒரு காலையும் விரித்தான். கம்பவுண்டர் அவனை நெடுநேரம் பார்த்தார், தெர்மாமீட்டரைப் பார்ப்பது போலவே.

"அப்படித்தான் புடிச்சுட்டான் கண்ணு."

பள்ளத்து லைன் ஆட்கள் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு களத்தைச் சுற்றினார்கள். அந்தோணியே ஜீப் ஹாரனை அடித்தான். "குருவி இல்லடா, பருந்துதான்" என்றான். ராசாத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கம்பவுண்டர் கோல்கீப்பர் படமிருந்த பக்கத்தைக் கிழித்து அவளிடம் கொடுத்தார். நான் அத்தனை முகங்களையும் பார்த்தேன். அவ்வளவு சந்தோசத்தை அந்த எஸ்டேட்டில் அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை.

மறுநாள் காலை அவர் கவரைக் கொடுத்தார். "செங்கோடா, கடுதாசி. ஆஸ்பத்திரியில சேக்கோணும். இன்னிக்கே கூட்டிட்டுக் கிளம்பு." எப்போது வந்தது என்று சொல்லவில்லை. அவன் கேட்கவில்லை.

வியாழக்கிழமை இருவரும் திரும்பி வந்துவிட்டார்கள். படுக்கை வேறொருவருக்குப் போய்விட்டது. அடுத்தது காலியானால் எழுதுவோம் என்று அனுப்பிவிட்டார்கள். ராசாத்தியை வீட்டில் படுக்க வைத்துவிட்டுச் செங்கோடன் நேராக என் ஜன்னலுக்கு வந்தான். கையில் அந்தக் கவர்.

"அங்க இருந்த நர்ஸம்மா நொம்பத் திட்டிப்போட்டாங்க. பதினஞ்சு நாள் படுக்கைய வெச்சிருந்தோம், ஏன் வரலைன்னாங்க. கடுதாசி திங்கக்கிழமைதானுங்க வந்துச்சுன்னேன். கவர்ல முத்திரையப் பாருன்னாங்க. எனக்கு என்னங்க தெரியும்? நீங்கதான குத்தறது. இது என்னைக்குக் குத்துனதுங்க?"

வாங்கிப் பார்த்தேன். என் முத்திரை எப்போதும் தெளிவாக விழும். மைத்திட்டில் இரண்டு முறை ஒற்றி, நேராகக் குத்துவேன். எதிரே டிஸ்பென்சரி வாசலில் அவர் நின்று இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். உண்மையைச் சொன்னால், தினமும் இதே ஜன்னலில் நின்ற ஆளிடம் மூன்று வாரம் நான் ஏன் சொல்லவில்லை என்ற கேள்வி வரும்.

"இந்தத் திங்கக்கிழமைதான் செங்கோடா" என்றேன். "அவங்க தப்பாப் பாத்திருப்பாங்க."

அவன் பெருமூச்சு விட்டான். "தெரியுமுங்க. ஆனாலும் பஸ்ஸுல வரும்போது அய்யா மேலயே சந்தேகப்பட்டுப்போட்டேன். பாவம் பண்ணிப்போட்டனுங்க."

சாயங்காலம் ஒரு சீப்பு மலைவாழையோடு போய்க் கம்பவுண்டரிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறான். எதையும் வாங்காதவர் அன்று அதை வாங்கிக்கொண்டார். ஆபீஸ் பூட்டும் நேரத்தில் என் மேஜைக்கு வந்து இரண்டு பழத்தைப் பிய்த்து வைத்தார்.

"என்ன தேதிங்க சொன்னீங்க?"

சொன்னேன்.

"நான் இத்தனை வருசத்துல யார்கிட்டயும் ஒரு பொய் சொன்னதில்லீங்க ரைட்டரே" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ராசாத்தி பழம் பறிப்பு தொடங்கிய இரண்டாவது வாரம் செத்தாள். கட்டிலுக்கு மேலே சுவரில் சோற்றுப் பசையால் ஒட்டிய கோல்கீப்பர் படம் இருந்தது. படுக்கை காலியாகியிருக்கிறது, அழைத்து வரவும் என்ற கடிதம் அவள் செத்த எட்டாம் நாள் வந்தது. எண் கொடுத்து, முத்திரை குத்தி, பதிவேட்டில் ஏற்றினேன். கம்பவுண்டர் கையெழுத்துப் போட்டார்.

"முன்னாடியே படுக்கை கிடைச்சிருந்தா?" என்று கேட்டேன்.

"பார்த்திருக்கலாம்" என்றார். அவருடைய 'பார்ப்போம்' இறந்த காலத்தில் வந்து அன்றுதான் கேட்டேன்.

மறு வருடமும் நர்ஸம்மாவின் கட்டு வந்தது. ஞாயிற்றுக்கிழமை வாசிப்பு தொடங்கியது. முதல் வரிசையில் முதல் ஆளாகச் செங்கோடன். பக்கத்தில் அவன் மகள், ஏழு வயது. பாப்பா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். அந்த மழைக்காலத்தில் அவளுக்கும் இருமல்.

"துறைமுகம் ஜெயிச்சதாலதானுங்க அவ அந்த ரெண்டு மாசமாவது இருந்தா" என்று செங்கோடன் வராந்தாவில் சொன்னான். "இந்த வருசமும் ஜெயிச்சா பாப்பாவுக்குச் சரியாப் போயிடுமுங்க."

"பார்ப்போம் கண்ணு" என்றார் அவர். கட்டின் அடியிலிருந்த இதழை நாங்கள் இருவரும் படித்து முடித்திருந்தோம். அந்த வருடம் துறைமுகம் முதல் சுற்றிலேயே வெளியே.

பாப்பாவுக்கும் அதே ஆஸ்பத்திரியில் பரிசோதனை எடுத்தார்கள். பழுப்புக் கவர் ஒரு சனிக்கிழமை வந்தது. முத்திரையைக் கையில் எடுத்தேன், பிறகு வைத்துவிட்டேன். கவரைப் பிரிக்காமல், பதிவேட்டில் ஏற்றாமல், எடுத்துக்கொண்டு நேராகப் பள்ளத்து லைனுக்கு இறங்கினேன். அத்தனை வருட வேலையில் ஒரு கடிதத்தை நான் அப்படிக் கொண்டுபோனது அன்று ஒரு நாள்தான். செங்கோடன் வீட்டு வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தான். பாப்பா பக்கத்தில் உட்கார்ந்து சிம்புகளைப் பொறுக்கி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"செங்கோடா, பாப்பா ரிசல்ட்டு. இப்பத்தான் வந்துச்சு. பிரி, நான் படிச்சுச் சொல்றேன்."

அவன் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு இரண்டு கையாலும் வாங்கினான். திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இதுக்காக நீங்களே இறங்கி வந்தீங்களா? உங்களுக்கு எதுக்குங்க சிரமம். இருங்க, கம்பவுண்டரய்யா கிட்டக் குடுத்துப் பாத்துக்கலாம்."

"நானே படிக்கிறேன்னு சொல்றேனில்ல?"

"நீங்க படிப்பீங்க, இல்லைன்னு சொல்லலீங்க. ஆனா வைத்தியம் அவருக்குத்தானுங்க தெரியும். போன தடவையே அவரைச் சந்தேகப்பட்டு, நீங்க தேதி சொன்னதாலதான் தப்பிச்சேன். மறுக்காவும் அந்தப் பாவம் வேண்டாமுங்க."

அப்போது சொல்லியிருக்கலாம். பாப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் கவரைப் பிடித்துக்கொண்டு மேட்டில் ஏறத் தொடங்கினான், நான் பின்னால் போனேன்.

கம்பவுண்டர் வாங்கிக்கொண்டார். முத்திரை இல்லாத மூலையை ஒரு முறை பார்த்தார், என்னை ஒரு முறை பார்த்தார். கத்தரியால் ஓரத்தை வெட்டினார். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார். படித்து முடித்த பிறகும் படித்துக்கொண்டே இருந்தார். பிறகு பழைய மடிப்பிலேயே மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"எப்படியிருக்குதுங்க?"

"பார்ப்போம் கண்ணு. நாளைக்குத் துறைமுகம் ஆட்டம். பாப்பாவக் கூட்டிட்டு வந்துடு."

செங்கோடன் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தான். படியில் நின்று என் காதருகே குனிந்தான்.

"அய்யா மூஞ்சியப் பாத்தீங்களா? கெட்டதா இருந்தா தெரிஞ்சிருக்குமுங்க."

"ஆமா" என்றேன்.

அந்த ஆண்டின் பதிவேட்டில் அந்தக் கடிதத்துக்கு எண் இல்லை, தேதியும் இல்லை.